அமைதியற்ற விரல்கள்

சில ஆண்டுகளுக்கு முன், தாம்பரத்தை அடுத்த பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓயாமல் சட்டைப் பொத்தானைத் திருகுவான். பெஞ்சின் விளிம்பைச் சுரண்டுவான். ஒருநாள் பொறுமை இழந்து, எல்லார் முன்னிலையிலும், "கையைக் கட்டிக்கொண்டு உட்கார்!" என்று அதட்டினோம். கட்டினான். அதன்பின் நாம் கேட்ட ஒரு வினாவுக்கும் அவனால் விடை கூற இயலவில்லை. அடுத்த இரு ஞாயிறுகளிலும் அவன் வரவில்லை.

வீடு தேடிச் சென்றோம். "கை சும்மா இருந்தால் அவனுக்குப் பாடம் காதில் ஏறாது, சாமி" என்றார் தாய். பேசிக்கொண்டிருக்கையில் சிறுவன் நம் கையிலிருந்த செபமாலையின் மணிகளை உருட்டத் தொடங்கினான். நாமும் மணி உருட்டித்தானே மனத்தை ஒருமுகப்படுத்துகிறோம்! வெட்கினோம்.

கையும் அறிவின் வாயில் என்பது புதிய செய்தியன்று. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்கும் முறையை வகுத்தவர்.

பங்கில் தையல் அறிந்த பெண்மணி ஒருவரின் துணையோடு விளையாட்டுப் பொருள் ஒன்று செய்ய முற்பட்டோம். முதலில் செய்த புளியங்கொட்டைப் பை கலகலவென ஒலித்து வகுப்பையே கலைத்தது. குன்றிமணி இடலாம் என்றார் ஒருவர். அது கொடிய நஞ்சு என்பதால் விலக்கினோம். இறுதியில் இரு துணிகளைச் சேர்த்து, இடையே வளைந்து செல்லும் பாதை அமையத் தைத்து, உள்ளே ஒரு கோலிக்குண்டை இட்டு, விளிம்பை இரட்டைத் தையலால் மூடினோம். விரலால் தள்ளினால் குண்டு ஓசையின்றி ஊர்ந்து செல்லும். ஒருபுறம் முரட்டுக் கதர், மறுபுறம் வெல்வெட்டு.

வெல்வெட்டைத் தொட்டதும் சிறுவன் முகம் சுளித்தான்! நமக்கு இனியது அவனுக்கு இனிதன்று. இருபுறமும் கதரிட்டு மற்றொன்று செய்தோம். அதை உருட்டியபடியே பாடம் கேட்டான். சில வினாக்களுக்கு விடையும் சொன்னான். எல்லார் முன்னிலையிலும் அதட்டிய நாம், எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்பு வேண்டினோம்.

பெற்றோரே, துறுதுறுக்கும் பிள்ளையைத் தண்டிக்குமுன், அவன் கைக்கு எது வேண்டும் என்று பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்குக் கோலி வேண்டா. தையல் பிரிந்தால் தொண்டையில் சிக்கும். முடிச்சுகள் இட்ட தடித்த துணியே அவர்களுக்குப் போதும். எத்துணியானாலும், தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையின் விரல்களுக்கே இருக்கட்டும்.