கச்சான் காற்றும் பழைய பென்ஸ் வண்டியும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் ஏதேனும் ஓர் இலக்கியத்தைப் பற்றியே எழுதுவோம் என்று எண்ணியிருத்தல் கூடும். ஆயின், சென்ற ஆண்டு முழுவதும் எம் சிந்தையை ஆட்கொண்டிருந்த பொருள் ஒரு பழைய மோட்டார் வண்டியின் குளிரூட்டியே. எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இத்தகைய வண்டிகளைப் பேணி வருபவர். மாணவருட் சிலர் நாளை இவற்றைத் திருத்தும் தொழிலிற் புகக்கூடியவர். ஆதலின் இதனையே எழுதத் துணிந்தோம்.

அட்டாளைச்சேனையின் வெயிலை அறியாதார்க்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மலைநாட்டிலே சொரிந்துவிட்டு, வறண்டு, வெம்மையுற்று எம் கரைக்கு வந்து சேர்கிறது. அதனையே கச்சான் என்கிறோம். அக்காலத்தில் நண்பகற்போதில் வீதியிலே செல்வது அடுப்பங்கரையிலே நிற்பதனை ஒக்கும். எம் ராத்தா சிறுநீரக நோயினால், வாரத்துக்கு இருமுறை மட்டக்களப்புக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டியவர். ஒரு வழிப் பயணமே அறுபது கிலோமீற்றர் அளவினது. திரும்பும் நேரமோ உச்சி வெயில். களைத்த உடம்போடு வெப்பத்திலே இருந்து இருமுறை மயங்கினார்.

மச்சானிடம் உள்ளது 1988ஆம் ஆண்டின் மேர்சிடஸ் பென்ஸ். டபிள்யூ 124 எனப்படும் வகை. அதனை விற்றுப் புதியது வாங்கலாமே என்பார்க்கு விடை எளிது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறக்கப்பட்டது. இடையிலே ஏறிய விலையும், பின்னர் வந்த வரியும் ஆசிரியர், ஓய்வூதியர் கைக்கு எட்டுவன அல்ல. உள்ளதைத் திருத்தியே ஆகவேண்டும்.

வண்டியின் குறை இதுவே. களுவாஞ்சிகுடியைக் கடந்து விரையும்போது குளிர்ந்த காற்று வீசும். கல்முனைக் கடைத்தெருவிலே நெரிசலில் நின்றுவிட்டாலோ அனற்காற்றே வரும். ஒரு பட்டறையிலே, "காஸ் குறைவு" என்று சொல்லி இருமுறை நிரப்பினர். குறை தீராததோடு மிகுந்தும் விட்டது. மூன்றாம் முறை, கொம்பிரசர் போயிற்று, புதியது போடவேண்டும் என்று ஒரு தொகை கூறினர். அத்தொகை ராத்தாவின் பல மாத மருந்துச் செலவை விழுங்கத்தக்கது.

அப்போதுதான் எம்மிடம் முன்னாளில் தமிழ் பயின்ற ஒருவன் நினைவுக்கு வந்தான். வகுப்பிலே புணர்ச்சி விதிகள் அவனுக்குப் பிடிபட்டதில்லை. இன்று எம்மூரிற் குளிரூட்டி திருத்துவதில் அவன் கை தேர்ந்தவன். குறையைக் கேட்டவுடன், "சேர், ஓடக்குள்ள குளிருது, நிண்டாச் சூடாகுது எண்டா, கொம்பிரசர்ல கை வைக்கத் தேவையில்ல. முன்னுக்குப் பாப்பம்" என்றான். தமிழாசிரியன் இவ்விடத்தில் எந்தக் குறளை ஓதுவான் என்பதைப் பழைய மாணவர் நன்கு அறிவர்; ஆதலின் ஓதாது விடுகின்றோம்.

அவன் கூறியதன் காரணம் வருமாறு. குளிரூட்டி செய்யும் வேலை, வண்டியின் உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டு கொட்டுவதாம். உள்ளே எவப்பரேற்றரில் ஆவியாகும் காஸ் அவ்வெப்பத்தை வாங்குகிறது. கொம்பிரசர் அதனை அழுத்துகிறது. ரேடியேற்றருக்கு முன்னாலுள்ள கொண்டென்சரிலே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து மீளத் திரவமாகிறது. வண்டி விரையும்போது எதிர்காற்றே கொண்டென்சரைத் தணிக்கும். நிற்கும்போது விசிறி தணிக்க வேண்டும். ஆகவே, ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சுடுமாயின், ஐயம் முதலிற் செல்லவேண்டிய இடம் கொண்டென்சரும் அதன் விசிறியும் ஆகும்.

அவன் எஞ்சினை நின்றபடி ஓடவிட்டு, மானியை மாட்டி, கொண்டென்சரின் மேல் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினான். சிறிது நேரத்திலே உயரழுத்த மானியின் முள் இறங்கிற்று. உள்ளே குளிர்காற்று வந்தது. கொம்பிரசர் குற்றமற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பின் விசிறியை நோக்கினான், அது சுழலவில்லை. பற்றரியிலிருந்து நேரே மின் கொடுக்கச் சுழன்றது. இவ்வகை வண்டியிலே கொண்டென்சரின் முன்னுள்ள மின்விசிறிகளுக்கு இருவகை வேகம் உண்டு. காஸின் அழுத்தம் ஏறும்போது மெதுவேகம் தொடங்கும். அதற்கான மின் ஒரு சிறு தடையினூடே செல்கிறது. அத்தடை எரிந்துபோனால் மெதுவேகம் இல்லையாகும். எஞ்சின் நீரின் வெப்பம் நூறு பாகையை நன்கு கடந்தால் மாத்திரமே முழுவேகம் எழும். எஞ்சினுக்கெனத் தனி விசிறி இருப்பதால் அது அவ்வளவு சூடாவதும் இல்லை. ஆகவே வண்டிக்காரருக்கு ஐயமே தோன்றுவதில்லை. எம் வண்டியில் எரிந்திருந்தது அத்தடையே. அதனை மாற்றி, கடற்கரை மணலும் உப்பும் படிந்திருந்த கொண்டென்சரின் இதழ்களையும் கழுவினான்.

முன்பு காஸ் நிரப்பியது ஏன் நோயை மிகுவித்தது? இதனை வண்டி வைத்திருப்போர் அறிதல் நன்று. ஆர் 134 ஏ என்னும் காஸ், 30 பாகை வெப்பத்தில், வண்டி ஓய்ந்திருக்கையில், சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 97 இறாத்தல் அழுத்தம் காட்டும். உள்ளே திரவம் சிறிது எஞ்சியிருந்தாலும் அதே அளவுதான். நிறைந்திருந்தாலும் அதே அளவுதான். ஓய்ந்த வண்டியிலே மானியைப் பார்த்து அளவு சொல்லுவது, பானையின் மூடியைத் தொட்டுச் சோற்றின் அளவைச் சொல்லுவது போலாகும். முழுவதையும் மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி ஈரத்தைப் போக்கி, நிறுத்தே இடவேண்டும். மிகையான காஸ் கொண்டென்சரிலே தேங்கி அழுத்தத்தை உயர்த்தும்.

மேலும், 1988இல் இவ்வண்டி ஆர் 12 என்னும் காஸுக்காக அமைக்கப்பட்டது. ஓசோன் படையை அது அழிக்கும் என்பதை 1974இல் மொலினாவும் றோலண்டும் விளக்கினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. பின்னாளில் இத்தகைய வண்டிகள் ஆர் 134 ஏக்கு மாற்றப்பட்டன. புதிய காஸ், வெப்பம் மிக்க நாளிலே கொண்டென்சரில் பழையதினும் கூடிய அழுத்தம் கொள்வது. ஆதலின், மாற்றப்பட்ட பழைய வண்டிக்கு விசிறி இன்னும் இன்றியமையாதது. பழைய கனிம எண்ணெயும் இதனோடு கலவாது; எண்ணெயையும் ஈரமுறிஞ்சும் புட்டியையும் மாற்றாது காஸை மாத்திரம் மாற்றியவர், கொம்பிரசரைத் தாமே கொல்பவராவர். இக்காஸ் ஓசோனைக் கெடாதாயினும், கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் உலகை வெப்பமாக்க வல்லது. எம் மாணவன் மிகையை வெளியே விடாது உருளையிலே மீட்டெடுத்தான். அது எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

இடப்பக்கத் துவாரத்திலே மாத்திரம் வெம்மை எஞ்சிற்று. அது வெந்நீர் வால்வின் குற்றம். இத்தகைய பென்ஸ் வண்டிகள் பலவற்றில், மின் பாயும்போதே அவ்வால்வு மூடும். மின் அற்றால் திறந்து வெந்நீரை உள்ளே விடும். பழுதுற்றாலும் வெப்பம் கிடைக்க வேண்டும் என்று குளிர்நாட்டார் கருதினர் போலும்! எம்மூருக்கு அது வேண்டாத கருணை. சொகுசு வண்டியின் குளிரூட்டி தொடக்கத்திலிருந்தே இவ்வாறு வினோதமானதுதான். 1939இல் அமெரிக்கப் பக்கார்ட் கொம்பனி முதன்முதல் காட்சிக்கு வைத்த வண்டியிலே குளிரை நிறுத்தவேண்டுமாயின், எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பட்டியைக் கழற்ற வேண்டுமாம்.

இப்போது கல்முனை நெரிசலிலும் துவாரத்துக் காற்று 12 பாகையில் நிற்கிறது. ராத்தா போர்வை கேட்கின்றார். எனினும் ஒரு மெல்லிய கசிவு எஞ்சியுள்ளது. வெளிக்குழாய்களிலே சோப்பு நுரையிற் குமிழி காணவில்லை. ஆதலின் எவப்பரேற்றரிலே இருக்கலாம் என்பது அவன் கணிப்பு. இவ்வகை வண்டியில் அதனை எடுக்க டாஷ்போர்ட் முழுவதையும் கழற்ற வேண்டும். பல நாள் வேலை. நிறம் காட்டும் சாயத்தை உள்ளே இட்டிருக்கிறோம். நீர் வடியும் குழாயிலே அச்சாயம் தோன்றினால், கச்சான் ஓய்ந்து மாரி தொடங்கிய பின் வண்டியை அவனிடம் விடுவதாகவும், அதுவரை ராத்தாவை அழைத்துச் செல்ல அயலார் ஒருவரின் வானை ஒழுங்கு செய்வதாகவும் மச்சானோடு பேசி முடித்திருக்கிறோம்.