பேட்டா ஒருவருக்கு, கையெழுத்து இருவருக்கு

அந்த லாரி டிரைவர் வக்கீலான என்னிடம் வந்தது ஒரு ரேடியேட்டர் காசுக்காக. நாமக்கல் பக்கத்து ஆள். சேலத்து ஜவ்வரிசியை இந்தூரில் இறக்கிவிட்டு, கிடைக்கிற ரிட்டர்ன் லோடோடு திரும்புகிற வண்டி அவருடையது. ஹைதராபாத்தைத் தாண்டி ஒரு விடியற்காலையில் கண் அசந்து, ஓரமாக நின்றிருந்த டிப்பரின் பின்னால் முட்டிவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை. ரேடியேட்டர், பம்பர், முன்கண்ணாடி என்று கணக்குப் போட்ட ஓனர், சம்பள பாக்கியில் அதைப் பிடித்துக்கொண்டு வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார். பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா என்றுதான் டிரைவர் கேட்டார். அதற்குமுன் கடைசியாக எப்போது வீட்டில் படுத்தீர்கள் என்று நான் கேட்டேன். யோசித்துவிட்டு, "மூணு வாரத்துக்கு மேல இருக்குமுங்க சார்" என்றார். விபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்கே தோன்றியிருக்கவில்லை.

அப்போது நடைமுறையில் இருந்தது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த வண்டித் தொழிலுக்கும் அது பொருந்தியது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர வண்டியென்றால் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டவிடாமல் நடுவில் அரைமணி ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. தவிர்க்க முடியாமல் அந்த ஓய்வு நாளிலும் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம், அதுவும் தொடர்ச்சியாகப் பத்து நாளுக்கு மேல் கூடாது; பறிபோன நாளை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களிலோ ஈடுகட்ட வேண்டும். இதை நான் வாசித்துக் காட்டியதும் அவர் சிரித்தார். "இது பஸ்காரங்களுக்குத்தானுங்களே?"

அன்றைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்கீழ் போனால் 12 மாதக் கெடு. அவர் கேட்க வேண்டியதோ பல வருடக் கணக்கு. அதனால் அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின் 33-சி(2) பிரிவில், தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். காலக்கெடு இல்லாத வழி அது. ஆனால் அந்தப் பிரிவில் நீதிமன்றம் கணக்குப் பார்க்கலாமே தவிர, புதிதாக ஓர் உரிமையை உண்டாக்கித் தர முடியாது. டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. உரிமையே தகராறில் இருக்கிறது, ஆகவே மனு செல்லாது என்று எதிர்த்தரப்பு முதல் நாளே எழுந்தது. ஓய்வு நாள் இரட்டிப்புச் சம்பளத்தை ஓனர் ஒப்புக்கொண்டால்தான் உரிமை பிறக்கும் என்பதில்லை, பாராளுமன்றம் எழுதி வைத்துவிட்டது, கூட்டிக் கழிப்பதுதான் பாக்கி என்றேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

ஓனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லன் அல்ல அவர். தாமே பதினைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். ஃபைனான்ஸில் வண்டி எடுத்து, மாதம் பிறந்தால் டியூ கட்டுகிறவர். வாடகையை முடிவு செய்வது புக்கிங் ஆபீஸ், அவர் அல்ல. வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாளின் டியூ அவர் தலையில். "நடைக்கு இவ்வளவுன்னு பேசித்தானுங்க வண்டி ஏறினார், எல்லாம் அதுலயே அடக்கம்" என்று கூண்டில் அவர் சொன்னபோது பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை. அவரும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் சட்டம் கொடுத்ததைவிடக் குறைவாகப் பேசிக்கொண்ட பேச்சு, இரண்டு பேரும் மனமொத்துப் பேசியிருந்தாலும், செல்லாது.

அவருடைய பலமான வாதம் வேறு. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு அன்றைய விதிப்படி இரண்டு டிரைவர் வேண்டும். இன்னொருவர் நீட்டிப் படுக்க முழு அகலச் சீட்டும் வேண்டும். டிரிப் ஷீட்டுகளில் இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து பளிச்சென்று இருந்தன. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்கினார், ஓவர்டைம் எங்கே வந்தது என்று கேட்டார் அவருடைய வக்கீல். நான் நடைக் கணக்கு நோட்டை வரவழைத்தேன். ஆடிட்டருக்காக டோல்கேட் சீட்டுகளைப் பக்கம் பக்கமாகப் பின் குத்தி வைத்திருந்தார்கள். வெயிலில் மங்கிப்போயிருந்தாலும் தேதியும் மணியும் படிக்க முடிந்தது. டீசல், டோல், பஞ்சர், வழிச்செலவு, பேட்டா என்று வரிசையாக எழுதியிருந்தது.

"பேட்டா எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறது?" என்று ஓனரைக் கேட்டேன்.

"ஒருத்தருக்குங்க."

"இரண்டாவது டிரைவர் சாப்பிடாமலா இந்தூர் போய் வந்தார்?"

"அவர் எங்க மச்சானுங்க. அவருக்கு நான் தனியாக் குடுத்துக்குவேனுங்க."

நீதிபதி அதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். மச்சானைச் சாட்சிக்குக் கொண்டுவர இரண்டு வாய்தா கொடுத்தார். மச்சான் வரவில்லை. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய வேலைநேரப் பதிவேடும் வரவில்லை.

அடுத்து வந்தது காத்திருந்த நாட்களின் கணக்கு. இந்தூரில் லோடு இறக்க இரண்டு நாள், ரிட்டர்ன் லோடுக்காக மூன்று நாள் என்று வண்டி நின்றதெல்லாம் ஓய்வுதானே என்றார்கள். இந்த வாதத்துக்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருந்தது. முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம் கால்மணிக்குக் குறைவாக இருந்தால்தான் வேலைநேரத்தில் சேரும் என்றது அதன் வரையறைப் பிரிவு. பஸ் நிலையத்தை மனதில் வைத்து எழுதிய வரி அது; ஊர் பேர் தெரியாத குடோன் வாசலில் தார்ப்பாய்க்குக் காவல் இருப்பவனை எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். அதே பிரிவின் முதல் வரியோ, முதலாளியின் ஏவலுக்குட்பட்டு இருக்கும் நேரமெல்லாம் வேலைநேரம் என்றது. அங்கே ஒரு நாள் முழுக்க உங்கள் இஷ்டத்துக்கு எங்காவது போனதுண்டா என்று என் கட்சிக்காரரைக் கேட்டேன். "வண்டிய உட்டுட்டு எப்படிங்க போறது? டீசல உறிஞ்சிருவான், ஸ்டெப்னியக் கழட்டிருவான்" என்றார். குறுக்கு விசாரணையில் இந்தப் பதிலை யாரும் தொடவில்லை.

தீர்ப்பு பாதிக்குப் பாதி வந்தது. ஓய்வு நாள் கோரிக்கை நின்றது. வாரக்கணக்கில் வண்டி ஊர் திரும்பவில்லை என்பதற்கு டோல் சீட்டே சாட்சி, வண்டியோடு இருந்த நாள் ஓய்வு நாளாகாது. அன்றாட ஓவர்டைம் விழுந்தது. இரண்டு டோல்கேட்டுக்கு நடுவே அவர் ஓட்டிக்கொண்டேயிருந்தாரா, தாபாவில் கட்டில் போட்டுப் படுத்தாரா என்பதைச் சீட்டு சொல்லாது. எட்டு மணிக்கு மேல் எத்தனை மணி என்று காட்ட வேண்டிய பொறுப்பு எங்களுடையது. காட்ட வேண்டிய பதிவேடோ அவர்களிடம். சட்டப்படி குறை சொல்ல முடியாத முடிவு, இருந்தும் எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை. ரேடியேட்டர் பணம் திரும்பியது. விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் கை வைத்தது செல்லாது.

இரட்டிப்பு என்றால் பெரிய தொகை வரும் என்று அவர் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். சட்டம் இரட்டிப்பாக்கியது அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மட்டும். லாரித் தொழிலில் சாப்பாடு போடுவது நடைக் கமிஷனும் பேட்டாவும். மாதச் சம்பளம் பெயருக்கு ஒரு தொகை. அந்தத் தொகை குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்று வாதாடி அதைத்தான் கொஞ்சம் தூக்கி நிறுத்த முடிந்தது. ஓனர் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போனார். கலெக்டர் மூலம் வசூலாகக் காத்திருக்கும் தெம்பு டிரைவருக்கு இல்லை. லோக் அதாலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்துக்கொண்டார்.

அதற்குள் ஓனருக்கு யாரோ நல்ல யோசனை சொல்லிவிட்டார்கள். வண்டிகள் மனைவி பேரிலும் தம்பி பேரிலுமாகப் பிரிந்தன. எந்தப் பேரிலும் நான்கு ஆளுக்கு மேல் இல்லை. ஐந்து ஆள் இல்லாத இடத்தில் 1961 சட்டம் நுழைய முடியவில்லை. 2018-இல் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள், மச்சான் கையெழுத்துப் போடும் வேலையும் மிச்சம். என் கட்சிக்காரர் தம்பி பேரில் இருந்த வண்டியில் மறுபடி ஏறினார். ஏறும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: நடை முடிந்து வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பேன். ஓனர் சரியென்று சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுக்கவில்லை.