குழியில் நிற்பது யார் தண்ணீர்?

“ஏனுங்க, மண்ணெடுத்த குழியில தண்ணி தெளிவா நிக்குது. மோட்டார் வச்சுப் பாய்ச்சலாங்களா?” கோவை தடாகம் பக்கம் மழைக்குப் பிறகு கேட்கும் கேள்வி இது.

சின்னத்தடாகம், 24 வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஐந்து ஊராட்சிகளிலும் செங்கல் சூளைகளுக்காகப் பல ஆண்டுகள் செம்மண் வெட்டினார்கள். அனுமதியின்றி நடந்த 170க்கும் மேற்பட்ட சூளைகள், சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2021-ல் மூடப்பட்டன. சூளை நின்றது, வெட்டிய மண் திரும்பவில்லை.

செம்மண் பயிருக்கு மட்டுமல்ல, கிணற்றுக்கும் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அந்த மண்ணில் மெதுவாக வடிந்துதான் ஊற்றாகிறது. தண்ணீரைப் பிடித்து வைப்பதும் வடிகட்டுவதும் மண்தான். அதை அள்ளிவிட்டால் இரண்டு வேலையும் நின்றுபோகும். பாறை வரை தோண்டிய குழியில் விழும் அழுக்கு, பாறை இடுக்கு வழியாக நேரே பக்கத்துக் கிணறுகளுக்குப் போய்விடும்.

அதனால், குழி இருப்பதைவிட அதில் கொட்டுவது பெரிய ஆபத்து. “சும்மா கிடக்கிற குழிதானே” என்று குப்பை வண்டிக்கோ, செப்டிக் டேங்க் லாரிக்கோ இடம் கொடுத்தால், கீழ்த்தோட்டத்துக்காரர் கிணறும் சேர்ந்து கெடும். நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கொங்கு நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், மண்ணுக்குள் இறங்கிய உப்பு உத்தரவு போட்டதும் வெளியேறிவிடாது.

கல்குவாரி இருக்கும் கிணத்துக்கடவு, மதுக்கரை, பல்லடம் பகுதிகளில் இன்னொரு கவனமும் தேவை. பாறை உடைக்கும் வெடிமருந்தில் மிஞ்சும் நைட்ரேட் தண்ணீரில் கரையும். நிறமோ வாடையோ இருக்காது, காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மீறினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

ஆகவே, தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் குழித்தண்ணீரை நம்ப வேண்டாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, அன்றே ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கிணறு என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 0.75-க்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குப் பயமில்லை. 2.25-ஐத் தாண்டினால் சாதாரணப் பயிர்கள் தாங்காது. முடிவு தெரியும்வரை மாடுகளுக்கும் காட்ட வேண்டாம்.

தண்ணீர் நன்றாக இருந்தாலும், குழியை ஒரேயடியாக இறைத்துவிடாதீர்கள். ஊற்று மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்பது பக்கத்துக் கிணறுகளின் தண்ணீர்.

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. அதில் குடிநீருக்கும் சுற்றுச்சூழலுக்கும் முன்னுரிமை உண்டு. ஓடையை மீட்கவும், குழியில் கழிவு கொட்டுவதைத் தடுக்கவும் அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் தீர்மானம்.