எந்த சாஃப்டு, எந்த லெவல்?

கோலார் தங்கவயலில் ஒருவர் சேதி சொன்னால் கேட்பவர் உடனே ‘ஐயோ’ என்றோ ‘அடடா’ என்றோ சொல்லிவிட மாட்டார். முதலில் விசாரணை நடக்கும். எந்த சாஃப்டு, எந்த லெவல், எந்த ஷிப்டு? சாஃப்டு என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் குழி, லெவல் என்பது அதன் ஆழத்தில் ஒரு தளம். சுரங்கத்துச் சேதிக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணம் கூடிவந்த கதைக்கும், அடுப்படியில் பெருச்சாளி புகுந்த கதைக்கும் இதே குறுக்குக் கேள்விகள்தான். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். “உங்க ஊர்ல வாயத் தொறந்தாலே கோர்ட்டுல நிக்கிற மாதிரி இருக்கு” என்று ஒரு சித்தப்பா அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

சாம்பியன் ரீஃபை ஒட்டிய லைன் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், மேலே தகரம், ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கஷாயம் கொதிக்கும். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கொடுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள். ஆண்கள் பூமிக்குள் இறங்கிவிடுவார்கள். அங்கே நடப்பது மேலே இருக்கும் யார் கண்ணிலும் படாது. கீழே போய்த் திரும்பியவர் சொன்னால்தான் உண்டு. ஊரின் பாதி வாழ்க்கை கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நடந்தால், சொல்லுகிற வார்த்தையை உரசிப் பார்த்துத்தானே வாங்க முடியும்?

ராக் பர்ஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆழத்தில் தாதுக்கல்லை வெட்டி எடுக்க எடுக்க, சுற்றியுள்ள பாறையின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும். தாங்க முடியாத ஒரு கணத்தில் பாறை வெடித்துச் சிதறும். மேலே எங்கள் வீட்டில் பரண்மேல் அடுக்கிய பித்தளைச் சொம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். தகரக் கூரை ஒருதரம் உதறிக்கொள்ளும். ஆயா, அதாவது என் பாட்டி, அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவாள். அதற்குள் லைன் முழுக்கப் பெண்கள் நிற்பார்கள். யாரும் கத்த மாட்டார்கள். எல்லார் கண்ணும் சாஃப்டுக்கு மேலே இருக்கும் பெரிய சக்கரத்தின் மேல் இருக்கும். அது நின்றிருக்கிறதா, சுழல்கிறதா, வழக்கத்தைவிட வேகமாகச் சுழல்கிறதா என்று பார்த்தே பாதியைக் கணித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு நாள் சைக்கிளில் பறந்து வந்தான் ஒரு பையன்.

“நாலு பேரு போயிட்டாங்களாம்!”

“யாரு சொன்னது?” என்றாள் ஆயா.

“கேட்டாண்ட பேசிக்கிறாங்க.”

“கேட்டாண்ட இன்னா வேணா பேசுவாங்க. எந்த லெவலு?”

பையனுக்குத் தெரியவில்லை.

“தெரியாதுல்ல? போய்த் தெரிஞ்சிகினு வா. அதுவரிக்கும் எவ வூட்டு வாசல்லயும் வாயத் தொறக்காத.”

எந்த லெவல் என்று தெரிந்தால் எந்த கேங்கு என்று தெரியும். எந்த கேங்கு என்று தெரிந்தால் எந்த வீடு என்று தெரியும். அது தெரியாமல் ‘நாலு பேர்’ என்று மட்டும் சொன்னால், ஷிப்டுக்குப் போயிருக்கும் அத்தனை பேரின் மனைவியும் ஒரே சமயத்தில் விதவையாகிவிடுவாள். ஆயா அப்படி ஒருதரம் ஆகிப் பார்த்தவள். தாத்தா சாஃப்டுக்குள்ளே போனவர் திரும்பவில்லை. அரைகுறைச் சேதியோடு பொழுதெல்லாம் கேட் அருகே காத்துக் கிடந்ததைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. பேசாததெல்லாம் இந்தக் கேள்விகளாக வெளியே வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, டிம்பரிங் வேலை. சுரங்கத்தின் மேற்பாறைக்கு முட்டுக்கொடுக்கும் ஆள். ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கிய பிறகுதான் பேச்சு வரும். பாறை பேசும் என்பார். வெடிப்பதற்கு முன்னால் சின்னச் சின்னதாய்ப் படபடவென்று சத்தம் கொடுக்குமாம். காது பழகியவன் பிழைத்துக்கொள்வான் என்பார். சாம்பியன் ரீஃபின் அடி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். கை வைத்தால் எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லும்போது நாங்கள் பிள்ளைகள் வாய் மூடிக் கேட்போம். ஆயா மட்டும் விடமாட்டாள். “பாற பேசிச்சின்றியே, நீ ஒருத்தன் கேட்டியா, கூட இருந்தவனும் கேட்டானா?” நைனா சலித்துக்கொள்ளாமல் கூட இருந்தவர் பெயரைச் சொல்வார். மறுநாள் குழாயடியில் அந்த வீட்டுக்காரியிடம் ஆயா சரிபார்த்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். பேத்தமங்கலத்திலிருந்து வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் அந்த வரிசைதான் எங்கள் ஊரின் மேல்முறையீட்டு மன்றம்.

பாறையின் பேச்சைக் கேட்டவர்கள் எங்கள் ஆட்கள் மட்டுமல்ல. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தங்கவயலுக்கு வந்த சுரங்கக்காரர்களின் சொந்த ஊரிலும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு: பாறைக்குள் குள்ள மனிதர்கள் இருந்துகொண்டு, சரிவுக்கு முன் தட்டித் தட்டி எச்சரிப்பார்களாம். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க நிலநடுக்கக் கருவிகள் வந்தன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே எங்கள் ஊரில் தொடங்கப்பட்டது. நைனா சொன்னது கட்டுக்கதையல்ல என்பதற்கு அரசாங்க முத்திரை கிடைத்தது என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம்.

ஊரே ஒரு வதந்தியில் முளைத்ததுதான். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, 1802இல் இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். காட்டுகிறவர்களுக்கு வெகுமதி என்று அறிவித்தார். கிராமத்து ஜனங்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசினார்கள், பொன்துகள் மின்னியது. அவர் எழுதிவைத்த குறிப்பு, பல பத்தாண்டுகள் கழித்து, 1871இல் பெங்களூரு கண்டோன்மெண்டில் ஓய்வாக இருந்த லவெல் என்ற அயர்லாந்துக்காரர் கண்ணில் பட்டது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டபோது, தங்கமாவது மண்ணாவது, வேண்டுமானால் நிலக்கரி தேடிக்கொள் என்கிற தோரணையில்தான் பதில் வந்தது. அவர் பிடித்த பிடியை விடவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சுமார் 120 வருஷத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் வெளியே போனது.

இந்தக் கதையை டீக்கடைப் பெஞ்சில் ஒரு ரிட்டையர்டு மேஸ்திரி நீட்டி முழக்கிச் சொல்வார். முடித்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “மண்ண அலசிக் காட்டினவங்க பேரு இன்னா?” மேஸ்திரியிடம் பதில் இருக்காது. புத்தகங்களிலும் இல்லை. தங்கம் இருப்பது அந்த ஜனங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்புறம் எப்படி வாரன் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள்? பதினைந்து பைசா டீக்கு முன்னால் நடந்த இந்த வாதம்தான் எனக்குக் கிடைத்த முதல் வரலாற்று வகுப்பு.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பயிற்சியும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் தங்கவயலில், குறிப்பாக மாரிகுப்பத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகைக்கு இங்கே உழைப்பாளிகள் மத்தியில் வாசகர்கள் இருந்தார்கள். 1914இல் அவர் மறைந்தபின், 1926இல் ‘தமிழன்’ மீண்டும் எழுந்தது தங்கவயலிலிருந்துதான், ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். பண்டிதரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் எங்கள் ஊர்தான். பாட்டி சொன்ன கதையென்று எதையும் அப்படியே விழுங்காதே, அதற்கு முன்னால் வேறு ஒரு கதை இருந்திருக்கும் என்பது பண்டிதர் காட்டிய வழி. தீபாவளி அசுரனைக் கொன்ற நாளல்ல, எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கத் தெரிந்துகொண்ட நாள் என்று அவர் விளக்கம் சொன்னார். அது சரியா தவறா என்று எங்கள் லைனில் ஒவ்வொரு தீபாவளிக்கும் சண்டை நடக்கும். சண்டை போட்ட இரண்டு தரப்பும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் சண்டை போடும்.

கம்பெனிக்காரன் சொன்ன கதையையும் ஊர் இதே போலத்தான் கேட்டது. 1930இல் தொழிலாளர்கள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆளை அடையாளம் காணத்தான் என்றார்கள். திருடனிடம் வாங்குவதை எங்களிடம் ஏன் வாங்குகிறாய் என்று கேட்டு, மூன்று வாரம் சுரங்கத்தையே நிறுத்திப் போட்டார்கள். பெரிய தலைவர் என்று யாரும் அப்போது இல்லை. லைன் லைனாகப் பேசி எடுத்த முடிவு. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் யாரும் குறுக்குக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை, அங்கே நின்றிருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

நம்ப மறுத்து நாங்கள் தோற்ற கதை ஒன்று உண்டு. சுரங்கத்துக்குள் விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத, தொட்டாலும் தெரியாத, பூமியையே ஊடுருவிப் போகிற ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழாயடி கொல்லென்று சிரித்திருக்கிறது. “தெரியாதத எப்படி புடிப்பாங்க? புடிச்சாலும் புடிச்சதுன்னு எப்படித் தெரியும்?” ஆனால் அது மெய். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சேர்ந்து, பூமிக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். வான்வெளியிலிருந்து வரும் மற்றத் துகள்களில் மிகப் பெரும்பாலானவற்றை அவ்வளவு பாறையும் வடிகட்டிவிடும். நியூட்ரினோ தடையில்லாமல் உள்ளே வரும். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை அங்கே கண்டார்கள். உலகத்தில் முதன்முதலாக அதைப் பதிவுசெய்த இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். குழாயடி கேட்ட இரண்டாவது கேள்வியைத்தான் அந்த விஞ்ஞானிகளும் தங்களுக்குள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான் புரிந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பல காலமாகவே உண்டு. எத்தனையோ தரம் வந்து, எத்தனையோ தரம் பொய்த்த பேச்சு. அதனால் மெய்யாக மூடியபோதும் பலர் கொஞ்சநாள் நம்பவில்லை. அதன் பிறகு கதை பேசும் இடம் மாறியது. விடிவதற்கு முன் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். 1894இல் சுரங்கத்துக்காகப் போட்ட தண்டவாளம் இப்போது மனிதர்களை ஏற்றிப் போகிறது. பெட்டிக்குள் ஒரு பக்கம் சீட்டு, ஒரு பக்கம் பாட்டு, நடுவில் ஊர்க்கதை. பங்காருபேட்டை தாண்டுவதற்குள் ‘மைன்ஸைத் திரும்பத் திறக்கிறார்கள்’ என்று ஒருவர் சொல்லியிருப்பார், இன்னொருவர் உடைத்திருப்பார்.

2018க்குப் பிறகு புதுசாக ஒரு சங்கடம். ‘கே.ஜி.எஃப்’ படம் பார்த்துவிட்டு இளைஞர்கள் பைக்கில் வருகிறார்கள். சயனைடு மேட்டில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, ரவுடிகள் அடிமைகளை வைத்து நடத்திய சுரங்கம் எது என்று கேட்கிறார்கள். ஆலையில் அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் அது, காற்றடித்தால் வீடெல்லாம் தூசி என்று சொன்னால் ஏமாற்றமடைகிறார்கள். 2024இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தபோது, மண்ணை அலசிய ஜனங்களைப் பற்றியாவது ஒரு படம் என்று ஊரில் பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் தியேட்டரைவிட்டு வெளியே வந்ததும் எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்து மேயத் தொடங்கிவிட்டார்கள். கற்பனை இருக்கட்டும், அது சினிமாக்காரன் தொழில். நடந்தது என்று சொல்லி விற்காமல் இருந்தால் சரி என்பது பொதுத் தீர்ப்பு.

அதே 2024 ஜூனில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்துகிடக்கும் அந்த மண்மேடுகளை மறுபடி சலித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அடுத்தமுறை ஊருக்குப் போனபோது டீக்கடையில் அதுதான் பேச்சு. ஒரு இளைஞர் போனைத் தூக்கிக் காட்டி, தங்கவயலுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்றார். எதிரே இருந்த பெரியவர் சிலிகோசிஸ் என்ற கல்தூசி நோய் தின்ற நெஞ்சுக்காரர். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தரம் மூச்சு வாங்குகிறார். போனை வாங்கிப் பார்க்கவில்லை.

“படிச்சே சொல்லு தம்பி. எத்தினி பேருக்கு வேலன்னு போட்டுகீதா? லைன் வூடு யார் பேருக்குன்னு போட்டுகீதா? அந்த மேட்ட நோண்டினா தூசி பறக்குமே, அது எவன் நெஞ்சுக்கு எறங்கும்னு போட்டுகீதா?”

இளைஞர் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். மூன்றும் அதில் இல்லை.

“அப்போ அது சேதி இல்ல, வெளம்பரம்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் இன்னொரு டீ சொன்னார்.