மாடும் செல்வமும்

‘மாடு’ என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருளுண்டு என்று வகுப்பிலே பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். அச்செல்வத்தை நேரிற் காணும் வாய்ப்பு, பட்டிக்காரர் ஒருவரின் மகனாகிய நம் மாணாக்கனால், 2023ஆம் ஆண்டு மாரிக்காலத்திலே கிட்டியது.

சித்தாண்டியிற் சித்திரவேலாயுதரை வணங்கிவிட்டு, அவனுடைய மோட்டார்ச் சைக்கிளிலே மேற்கு நோக்கிப் புறப்பட்டோம். மேய்ச்சற்றரையை மீட்டுத் தருமாறு பண்ணையாளர்கள் அவ்வாண்டு செப்டம்பரில் அவ்வூரிலேதான் அறப்போராட்டம் தொடங்கியிருந்தார்கள். ஊரைக் கடந்ததும் இருபுறமும் இளம்பயிர் அசையும் வயல்கள். அவற்றுக்கும் அப்பால், காடும் புல்வெளியுங் கலந்த மயிலத்தமடு, மாதவனைப் பகுதி.

பெரும்போக விதைப்பு வந்தால் மாடுகளை வயற்புறத்திலிருந்து இவ்வெளிகளுக்குச் சாய்த்து வருவதும், அறுவடையின் பின் அரிதாள் மேய ஊருக்குத் திருப்புவதும் மட்டக்களப்பார் வழக்கம். மகாவலித் திட்டப் பகுதிக்குள் அடங்கும் இந்நிலத்திலே வெளிமாவட்டத்தார் வந்து பயிர்செய்யத் தலைப்பட்டதும், அந்த ஒழுங்கு குலைந்தது.

மாட்டுக்காலையருகே மாணாக்கனின் தந்தையார் சட்டித் தயிர் தந்து உபசரித்தார். “மாடு எத்தனை நிற்கிறது?” என்று வினவினோம்.

“நூறுக்கு மேல நிண்டது, வாத்தியார். இப்ப அறுவது. ஊர் வயலுக்குள்ள கால் வெச்சாத் தண்டம். இஞ்ச வந்தா வெடி. சுருக்குல பட்டதும் இருக்கு.”

நாட்டுப் பசு நன்றாக மேய்ந்தாலும் நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் கறக்கும். கன்றுக்கு விட்டது போக மிஞ்சுவதே காசு. புல் குறைந்தால் முதலிற் பால் வற்றும்; பின்பு பசு மெலியும்; மெலிந்த பசு சினைப்படப் பிந்தும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஏறிய அரிசி விலையோ இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

“மகன்ட படிப்புக்கெண்டு ரெண்டு நாகு விக்கப் பாத்தன். மேச்சல் இல்லாதவன் எண்டு தெரிஞ்சு, அரை விலைக்குக் கேக்காங்க,” என்றார் அவர்.

நெல்லாயின் நல்ல விலை வருமட்டும் பூட்டி வைக்கலாம். மாட்டை அவ்வாறு வைக்க இயலாது. அதற்கு நாள்தோறும் பசிக்கும். ஆகவே, பட்டிக்காரர் விற்கும் நாளை அவர் குறிப்பதில்லை, புல்லே குறிக்கிறது.

பொழுது சாய்ந்தது. மாணாக்கன் கைவிளக்கொன்றை எடுத்துக்கொண்டான். இராக்காவல் அவனுடையதாம், கிழமையில் மூன்று இரவுகள் கண்விழிப்பானாம். வகுப்பிலே தூங்குகிறான் என்று அவனைப் பலமுறை நாம் கடிந்ததுண்டு. அன்று அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நமக்குக் கூச்சமாயிருந்தது.

இப்பொழுதும் அச்சொல்லைக் கற்பிக்கிறோம். ‘மாடு என்றால் செல்வம்’ என்று சொன்ன பின், ‘மேய நிலம் இருக்கும் வரையில்’ என்று சேர்த்துக்கொள்கிறோம்.