ஆறு இலக்கங்கள்

சென்ற தைப்பொங்கலன்று, குருவிட்டவை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றில் வாழும் எம் அத்தையாரைக் காணச் சென்றோம். முப்பதாண்டு பால் வெட்டிச் சேர்ந்த சேமலாப நிதியில் இரண்டு இலட்சம் ரூபா, முதல்நாள் அவர் வங்கிக் கணக்கினின்று மறைந்திருந்தது.

"வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்றவன் இனிய தமிழில், கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கங்களைக் கேட்டானாம். அத்தை ஒவ்வொன்றாய்ப் படித்துக் கொடுத்துவிட்டார். இலக்கங்களின் கீழே, எவருக்கும் சொல்லலாகாது என்ற எச்சரிக்கையும் இருந்தது, ஆங்கிலத்தில்!

2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கிப் பணத்தைக் கவர்ந்தோர், 2 கோடி டொலரை இலங்கைக்கு அனுப்ப முயன்றனர். 'பவுண்டேசன்' என்பதைப் 'பண்டேசன்' என்று பிழைபட எழுதியமையால், இடைநின்ற ஜேர்மன் வங்கி ஐயுற்று வினவிற்று, அத்தொகை தப்பியது. (எழுத்துப் பிழைக்குப் பிரம்பெடுத்த எம் ஆங்கில ஆசிரியரை அன்று நினைந்தோம்.) அங்கே படிக்க ஒருவர் இருந்தார். அத்தைக்கு யார் இருந்தார்? அத்தொலைபேசியை வாங்கிக் கொடுத்தவர் நாமே; இணையவழிச் சேவையைத் தொடக்கிக் கொடுத்தவரும் நாமே. அவ்வொரு வரியைத் தமிழிற் சொல்லிவைக்க மறந்தோம்.

பணம் மீளவில்லை. இப்போது எந்தச் செய்தி வந்தாலும் அத்தை எம்மை அழைத்துக் கேட்பது இதுதான்: "நம்பருக்குக் கீழ என்ன தம்பி எழுதியிருக்கு?"