பத்தும் அறுபத்தாறும்

என் பாட்டியார் தம் அந்திமக் காலத்தில், உண்ட கையின் ஈரம் உலருமுன்னே "எனக்கு இன்னும் சோறு போடவில்லை" என்று அண்டை வீட்டாரிடம் முறையிட்டதை, வயோதிகத்தின் சுபாவம் என்றே எண்ணி நாங்கள் சமாதானம் அடைந்திருந்தோம்.

அது மறதிநோயாக (டிமென்ஷியா) இருக்கலாம் என்று அப்போது நாங்கள் அறியவில்லை. அந்நோயாளரில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் 10 பங்குகூட அந்நாடுகளைச் சாரவில்லையே என்ற விசனத்தையே பெயராக்கி, 1998-இல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர் '10/66' என்னும் குழுவை அமைத்தனர். லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சென்னையும் வேலூரும், கியூபா, பெரு முதலிய தேசங்களும் சேர்ந்துழைத்த அதன் ஆய்வுகளுக்கு வெல்கம் அறக்கட்டளை திரவிய சகாயம் செய்தது. பள்ளிக்கூட வாசலை மிதியாத மூதாட்டியிடம், படித்தவர்க்கென வகுத்த வினாக்களைத் தொடுத்து, விடை வராதபோது நோயென்று முத்திரையிடும் அநியாயம் நேராதபடி ஒரு பரீட்சை முறையை அவர்கள் பிரயாசையோடு கண்டதே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. (பாட்டியார் கைநாட்டுக்காரர்; ஆனால் பால்கணக்கில் அவரை ஏமாற்றியவர் எவருமில்லை.)

மருந்துக்குப் பொருள் கொடுப்போர் அநேகர்; நோயாளியைப் பராமரிப்பவரை நினைப்போர் சிலரே. பராமரிப்பவருக்கு வீடுதேடிச் சென்று பயிற்சியளிக்கும் வழியையும் அக்குழு ஆராய்ந்ததென்று படித்தபோது, பாட்டியாரின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்த என் சித்தியின் முகமே நினைவுக்கு வந்தது.